அளுங்குப் பிடி

வைகாசியின் முதல் முகூர்த்தத்தன்று, தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், மணமேடையின் ஓரத்தில் கையில் மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்த கோமதிநாயகம் மடிந்து போனார். மடிந்தார் என்றதும் மாலை வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். அவர் சாகவில்லை, தாள் மடிவது போல மடிந்தார். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நட்டநடுவில் ஒரு கோடு விழுந்து, இடப் பாதியும் வலப் பாதியும் புத்தகத்தை மூடுவது போல முகத்தை உள்ளே வைத்து மூடிக்கொள்ள, அதன்பின் தோள் இறங்கி, முழங்கால் ஏறி, கரை வேட்டியும் சந்தனக் கலர்ச் சட்டையும் அவருமாக எல்லாம் ஒரே தாளாகி, சரசரவென்று மடிந்து மடிந்து, நாதஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்தி முடிப்பதற்குள், முதுகெல்லாம் செதிலும் நீண்ட வாலும் கவிழ்ந்த மூக்குமாக, இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு மிருகமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மைக் உருண்டுபோய்க் கீச்சிட்டது. மைக்செட்காரர் ஓடிவந்து முதலில் மைக்கைத்தான் எடுத்தார்.

இது என்ன மிருகம் என்று மண்டபத்தில் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கீரி என்றார்கள், முதலைக் குட்டி என்றார்கள், பெண் வீட்டில் ஒருவர் பலாப்பழம் என்றே சொல்லிவிட்டார். குற்றாலத்து மலைப்பக்கம் தோட்டம் வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர்தான் குனிந்து பார்த்து, "இது அழுங்குல்லா! அழுங்குப் பிடின்னு சொல்லுதோமே, அந்த அழுங்கு. வெருண்டுச்சுன்னா தன்னையே சுருட்டிக்கிடும். அதுவா மனசு வச்சாத்தான் பிரியும்" என்றார். விஷயம் தெளிவானதும் எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. இரண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள்.

கோமதிநாயகம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். எழுத்துப் பிழை என்றால் அவருக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி. அச்சகத்தில் திருத்தியது போதாதென்று, டீக்கடைப் பலகையைத் திருத்துவார், கோவில் கொடைத் திருவிழா நோட்டீஸைத் திருத்துவார், துக்க வீட்டுக்குப் போனால் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார். இதெல்லாம் ஊருக்கு. வீட்டில் அவர் திருத்தியது மனைவி உலகம்மாளின் நாக்கை.

உலகம்மாளுக்கு ழ வராது. பளம் என்பாள், மளை என்பாள், தமிள் என்பாள். அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் தன் வாயில் வருவது யாருக்குக் கேட்கிறது, அடுத்தவர் வாயில் வருவதுதானே காதில் விழும். கல்யாணமான நாளிலிருந்து அவள் எங்கே அந்த எழுத்தைச் சொன்னாலும், பக்கத்தில் பத்துப் பேர் இருந்தாலும், கோமதிநாயகம் விரலை உயர்த்தி, "நாக்க மடி உலகு. மேல தூக்கி உள்ள மடி. ழ" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அவள் மடித்துப் பார்ப்பாள், வராது, சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். போகப் போக அந்த எழுத்து வரும் சொற்களையே அவள் ஒதுக்கிவிட்டாள். கடையில் வாழைப்பழம் வேண்டுமென்றால் விரலை நீட்டி, "அந்த மஞ்சள்ல ஒரு சீப்பு" என்பாள். கிழமை கேட்டால் தேதி சொல்வாள்.

அவளுடைய அண்ணன் முப்பிடாதியின் மகள் சுபிதாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சடித்தது கோமதிநாயகத்தின் அச்சகம். புரூஃப் பார்த்தது அவரே. குழல்வாய்மொழி அம்மனின் பெயரில் ழ இரண்டும் ழ-வாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, நிகழும், சூழ, வாழ்த்தி என்று ழகரம் ழகரமாகத் தடவித் தடவிப் பார்த்தவர், கடைசி வரியில் கண்ணை எடுத்துவிட்டார். 'தங்கள் நல்வரவை நாடும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தங்கள் நல்வரவை நாறும்' என்று அச்சாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் தேதியையும் மண்டபத்தையும் சொந்தக்காரர்களின் பெயர் வரிசையையும் தவிர வேறு எதை யார் படிக்கிறார்கள்? ஊரெல்லாம் கொடுத்தாயிற்று, ஒருவரும் பார்க்கவில்லை. தாலி கட்டி முடிந்து வாழ்த்துச் சொல்ல மேடையேறிய மாப்பிள்ளையின் பெரியப்பா, பத்திரிகையைப் பிரித்து மைக்கில் ராகம் போட்டு வாசித்தபோதுதான் குட்டு உடைந்தது.

மண்டபமே சிரித்தது. "அப்ப நாங்க வந்தது நாறுதாவே?" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். மணப்பெண் சுபிதாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்மை கலைந்தது. கோமதிநாயகம் மன்னிப்புக் கேட்பதற்காக மேடையேறி மைக்கை வாங்கி வாய்க்கு நேரே பிடித்தார். அவருக்குப் பின்னால் நின்ற உலகம்மாள், பிறந்த வீட்டார் முன்னால் தலை தூக்க முடியாத ஆத்திரத்தில், அண்ணன் மனைவியிடம் முணுமுணுத்தாள்: "ஊருக்கெல்லாம் தப்பு சொல்லத் தெரியுது. மானமே போச்சு மயினி. இந்த மனுசன மடிச்சுப் பைக்குள்ள வச்சு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாம் போல இருக்கு."

முணுமுணுப்புதான். ஆனால் கோமதிநாயகத்தின் கையில் மைக் இருந்தது, அது வேலையும் செய்தது. மண்டபம் இரண்டாவது முறை சிரித்தது, அவர் மடிந்தார்.

அவள் சொன்ன சொல் அவளையே செய்ய வைத்தது. தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காயை வெளியே எடுத்துவிட்டு, அவரை உள்ளே வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் பைக்குள் இலேசாகச் சரசரத்தது. அது மூச்சு என்று அவளுக்குப் புரிந்தபோது, பையின் வாயைத் திறந்து பார்க்க அவளுக்கு முகமில்லை.

அவர்கள் குடியிருந்த ஊருணித் தெரு இந்த விஷயத்தை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. கால் ஒடிந்தவரைப் பார்க்க வருவது போல ஆர்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். "அண்ணாச்சி மெலிஞ்சிட்டாவ" என்றார்கள். இஸ்திரிக்காரர், இலேசான சூட்டில் ஒரு முறை தேய்த்துப் பார்க்கலாம் என்றார். அவரை வாசலோடு அனுப்பினார்கள். ரேஷன் கடையில் கைரேகை வேண்டும் என்றதால் உலகம்மாள் பையோடு போனாள். முன்னங்காலின் நுனியை மெஷினில் வைத்ததும் அது பச்சை விளக்குக் காட்டி, சீனி கொடுக்கச் சொன்னது. வீட்டில் அழுங்கு வைத்திருப்பதாக யாரோ போன் செய்து, வனத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். தொட்டுப் பார்த்தார், செதில்களுக்கு நடுவில் தெரிந்த சட்டைப் பொத்தானைப் பார்த்தார், "இது வீட்டுக்காரருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "ஈரம் படாமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனார்.

தெருவில் மரியாதை கூடிவிட்டது. யாரை எப்போது என்ன சொன்னால் மடிவார்களோ என்ற பயத்தில், பெண்டாட்டி புருஷனைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏசினாள். டீச்சர்கள் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுக் காதோடு திட்டினார்கள். கோவில் கொடைக்கு வந்த நெய் டின்னைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போன கமிட்டிக்காரர் ஒருவர் கையும் களவுமாக மாட்டினார். விசாரணையிலிருந்து தப்பிக்க அவரும் மடிந்துவிடலாமென்று, நடுத்தெருவில் நின்று மூச்சைப் பிடித்துக் குனிந்து குனிந்து பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதே தவிர ஒரு கோடுகூட விழவில்லை. "அதுக்கு வெக்கம்னு ஒண்ணு வேணும்லா வே" என்றது தெரு.

முப்பிடாதிக்குத் தங்கையின் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒருநாள் வந்து, "இப்படியே வச்சுப் பாத்துட்டு இருந்தா எப்படிம்மா? நானே மாப்ளயப் பிரிக்கேன்" என்று வாலைப் பிடித்து இழுத்தார். பர்ரென்று ஒரு சத்தம். எங்கோ உள்ளே, காதாக இருந்த இடத்தில், விரல்நக அளவுக்குக் கிழிந்துவிட்டது. ரத்தம் வரவில்லை, ஆனால் சரசரப்பு கொஞ்ச நேரம் நின்றுபோயிருந்தது. மீண்டும் மூச்சு வந்தபோது முப்பிடாதி தன் தலையில் தானே அடித்துக்கொண்டு வெளியேறினார். அதன்பின் கோமதிநாயகத்தைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை.

மறுவீட்டுக்கு வந்த சுபிதாதான் வழி கண்டுபிடித்தாள். "அத்தை, மடிக்கத் தெரியாதவங்க பிரிச்சாக் கிழியத்தான் செய்யும். எந்த மடிப்புக்கு மேல எந்த மடிப்புன்னு தெரியணும். கடைசியா மடிஞ்சத முதல்ல பிரிக்கணும்" என்று தன் போனை நீட்டினாள். எந்த நாட்டுக்காரரோ, முகம் காட்டாத இரண்டு கைகள், ஒரு வார்த்தை பேசாமல் ஒரு சதுரத் தாளை மடித்துக்கொண்டே போயின. முடிவில் மேசைமேல் நின்றது கோமதிநாயகமேதான். செதில் வரிசை, வால் வளைவு, கவிழ்ந்த மூக்கு எதிலும் மாற்றமில்லை, சட்டைப் பொத்தான் மட்டும் இல்லை. "ஓரிகாமி அத்தை. இது ரொம்பக் கஷ்டமான மடிப்பு, புதுசாப் பழகுறவங்க தொடாதீங்கன்னு கீழ போட்டிருக்கு."

"என்னத்தப் பெரிய மடிப்பு" என்றாள் உலகம்மாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் மணப்பெண்ணுக்குக் கொசுவம் வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வைத்த கொசுவம் மறுநாள் வரை கலையாது.

காலண்டர் தாளைச் சதுரமாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று மாலை அவள் முன்னால் இருந்தது அழுங்கு இல்லை, கிட்டத்தட்ட போண்டா. மறுநாள் செய்தது பஜ்ஜி. பட்டுப்புடவை எப்படி மடித்தாலும் ஓர் உதறலில் எல்லாவற்றையும் மறந்து பழைய புடவையாகிவிடும். தாள் மறக்காது. ஒரு முறை தப்பாக மடித்தால் அந்தக் கோடு அங்கேயே கிடக்கும், அடுத்த மடிப்பு அந்தப் பழைய கோட்டில்தான் போய் விழும். முதலில் மூலையோடு மூலை சேர்க்கும்போது மயிரிழை விலகினால், வாலுக்கு வருவதற்குள் அது விரல் அகலம் விலகியிருக்கும். உலகம்மாள் மேடாக நிற்கும் மடிப்பை வரப்பு என்றும், பள்ளமாக விழும் மடிப்பை வாய்க்கால் என்றும் பெயர் வைத்துக்கொண்டு, போனில் அந்தக் கைகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நகத்தால் கீறிக் கீறி, விரல்நுனி தேய மடித்தாள்.

அப்படி மடிக்கையில்தான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. அந்தக் கைகள் அழுங்கை ஒவ்வொரு மடிப்பாக உருவாக்கவில்லை. முதலில் கோடுகளை மட்டுமே போட்டன; மடித்து, உடனே விரித்து, மறுபடி மடித்து, விரித்து, தாள் முழுக்க வரப்பும் வாய்க்காலும் விழுந்தபின்னும் தாள் தட்டையாகவே கிடந்தது, பார்ப்பதற்கு ஒன்றும் ஆகாதது போல. கடைசியில் இரண்டு பக்கமும் இலேசாக ஒரு தள்ளு. அவ்வளவுதான், எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் ஒடுங்கி உள்ளே போயின.

உலகம்மாள் போனைக் கீழே வைத்துவிட்டாள். சின்ன வயதில் சிலேட்டில் ஒரு ஒற்று விட்டதற்காகக் கோமதிநாயகத்தை அவருடைய அப்பா தெருக் குழாயடியில், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, கழுத்தில் சிலேட்டோடு நிற்க வைத்திருந்தார். அதை ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தார், பிறகு சொல்லவே இல்லை. கோடுகள் எப்போதோ விழுந்தவை. அதன்மேல் இத்தனை வருஷம் அந்த மனிதர் தட்டையாக, சட்டை கலையாமல், அடுத்தவர் பிழையைத் திருத்திக்கொண்டு நடமாடியிருக்கிறார். கடைசித் தள்ளு தன்னுடையது. அவளுக்கு அந்த இடத்திலேயே உடம்பெல்லாம் கூசியது. யாராவது தன்னை நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்றிருந்தது. தெருவோ, "நீ என்ன வேணும்னா சொன்ன" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னது. அந்த ஆறுதல்தான் அவளை இன்னும் கூச வைத்தது.

அவள் மடிப்பதைப் பார்க்கத் தெருப் பெண்கள் கூடுவார்கள். தாள் ஒடுங்க வேண்டிய இடத்தில் கசங்கி உட்காரும்போதெல்லாம் சிரிப்பு எழும். "கொசுவம் வைக்கிற கையா இது?" என்று யாராவது கேட்பார்கள். வேடிக்கைக்குத்தான். ஆனால் உலகம்மாளுக்குக் காது சுட்டது. இந்த வயதில், எல்லோர் கண் முன்னால், ஒரு தாளிடம் தோற்றுக்கொண்டிருப்பது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. "பரவால்ல உலகு, வந்துரும்" என்று சொன்னவர்களைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்போது எதிர்வீட்டுச் சண்முகவடிவு ஒருநாள், "நான் ஒண்ணு மடிக்கேன், கொண்டா" என்று ஒரு தாளை வாங்கி உட்கார்ந்தாள். வியர்க்க வியர்க்க மடித்தாள். முடிவில் அவள் நிமிர்த்தி வைத்தது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. "இது எங்க மாமியாரு" என்று சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் கணம் உலகம்மாளின் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அன்றைக்குத்தான் அவள் வெகுநாள் கழித்து இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். வெட்கப்பட்டுக் கிடப்பவருக்கு ஆறுதல் மருந்தில்லை, துணைதான் மருந்து என்று அவளுக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனி பிறந்தது. மலையிலிருந்து சாரல் இறங்கியது. ஊரே குற்றாலக் காற்றுக்கு மூக்கை நீட்டிச் சந்தோஷப்பட்டபோது, உலகம்மாள் மட்டும் ஜன்னல்களைச் சாத்தினாள். காற்றில் வந்த ஈரத்தை என்ன செய்தும் தடுக்க முடியவில்லை. அரிசி டிரம்மின் மேல் வைத்திருந்த கோமதிநாயகத்தின் செதில்கள் நாளுக்கு நாள் தொய்ந்தன. ஒருநாள் காலையில் அவர் முதுகில் ஒரு ராமபாணப் பூச்சி ஊர்ந்தது. பழைய புத்தகங்களை அரித்துத் தின்னுமே, அதே பூச்சி. அதைத் தட்டிவிட்டுப் பார்த்தாள். வால் ஓரத்தில் பொடிப்பொடியாக அரித்திருந்தது. சரசரப்பும் முன்போல இல்லை, நனைந்த தாளுக்கு ஏது சத்தம். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவர் கூழாகிவிடுவார் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சமையலைச் சண்முகவடிவிடம் விட்டுவிட்டு, விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை மடித்தாள்.

ஒரு முற்பகலில், அவளுக்கே தெரியாமல், தாள் ஒடுங்கியது. எப்போதும் போல இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளினாள். வரப்பெல்லாம் எழுந்து, வாய்க்காலெல்லாம் இறங்கி, ஒன்றுக்குள் ஒன்று அமைதியாகப் போய் உட்கார்ந்தன. கோணல் மூக்கோடு, ஒரு கால் குட்டையாக, ஒரு அழுங்கு அவள் உள்ளங்கையில் நின்றது. அதைக் கொண்டாட அவள் நிற்கவில்லை. உடனே அதைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள், கண்ணை மூடிக்கொண்டும் பிரித்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பாயை விரித்து, கோமதிநாயகத்தை எடுத்து நடுவில் வைத்தாள்.

தெரு முழுக்கக் குடையோடு வாசலில் கூடிவிட்டது. உலகம்மாள் வாலில் தொடங்கி, ஈரத்தில் மெத்தென்றாகிப் போயிருந்த செதில்களை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி நிமிர்த்தினாள். எந்தச் சாரல் அவரைக் கூழாக்கப் பார்த்ததோ, அதே சாரல்தான் இப்போது மடிப்புகளை முறியாமல் விட்டுக்கொடுக்க வைத்தது. ஒவ்வொரு மடிப்பும் பிரியப் பிரிய அவர் பெரிதானார். முன்னங்கால்கள் விரிந்து சட்டைக் கைகளாயின, வால் நீண்டு வேட்டியாயிற்று, பாய் போதாமல் கால்மாட்டில் ஒரு சாக்கை விரித்தார்கள். கடைசியில் ஆள் உயரத்துக்கு, நெடுக்கே இரண்டாக மடிந்து, முகத்தை உள்ளே வைத்து மூடிய ஒரு தாளாக அவர் கிடந்தார். மிச்சம் ஒரே ஒரு மடிப்பு, முதன்முதல் விழுந்த மடிப்பு. ஓரத்தோடு ஓரம் வைத்த, குழந்தைகூடப் பிரிக்கிற மடிப்பு.

அது பிரியவில்லை. உலகம்மாள் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளிருந்து இழுத்துப் பிடித்திருந்தது. மறு ஓரத்தில் முயன்றாள், அதுவும் அப்படியே. கொஞ்சம் அழுத்தினால் கிழியும் என்று கைக்குத் தெரிந்தது.

"அழுங்குப் பிடியாப் பிடிக்காவ" என்றார் முப்பிடாதி வாசலிலிருந்து. "மாப்ள, எல்லாரும் மறந்துட்டோம் மாப்ள. வெளிய வாங்க."

"ஆமா அண்ணாச்சி, யாருக்குங்க ஞாபகம் இருக்கு, அந்த நாறும்!" என்றார் இஸ்திரிக்காரர் ஆறுதலாக. தாள் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது.

உலகம்மாள் ஓரத்தை விட்டுக் கையை எடுத்தாள். கற்றுக்கொண்ட மடிப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. இதற்குமேல் அந்தக் கைகள் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பிறகு எழுந்தாள். அலமாரியில் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு, வாசல் படியில், சாரலில், தெரு முழுவதும் பார்க்க நின்றாள். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவள் நாலு பேர் கேட்க எதையும் வாசித்ததில்லை.

"குளல்வாய்மொளி அம்மன் துணை" என்று வாசித்தாள்.

தெரு குடைகளைச் சாய்த்து எட்டிப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"நிகளும் மங்களகரமான வருசம், வைகாசி மாசம், வெள்ளிக்கிளமை…"

சிரிப்பு பரவியது. வேண்டுமென்று சிரிக்கவில்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது. உலகம்மாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. பத்திரிகையைப் பிடித்திருந்த வலது கையின் சுண்டுவிரல், அவள் மடக்காமலேயே, கணுவில் கோடு விழுந்து மடிந்தது. அவள் அதைப் பார்த்தாள். வாசிப்பை நிறுத்தவில்லை. "உற்றார் உறவினர் சூள" என்றபோது மணிக்கட்டில் கோடு விழுந்தது. தோளில் விழுந்தது. அவளுக்கும் கோடுகள் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தன. நாக்க மடி, நாக்க மடி என்று ஒவ்வொன்றாக, விரல் உயர்த்தி, அன்பாகப் போட்டவை. தெருவில் சிரிப்பு நின்றுபோயிற்று. சண்முகவடிவு குடையைக் கீழே போட்டுவிட்டு, "ஏ உலகு, போதும்டி, நிறுத்து" என்று கத்தினாள். உலகம்மாளின் இடுப்பு மெல்ல மடியத் தொடங்கியது. அடுத்த வரிக்கு அவளிடம் மூச்சு இல்லை.

"வருகை தந்து" என்று அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்மிய குரல் வாசித்தது.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கோமதிநாயகம் நின்றார். நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் சட்டையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நடுமூக்கு வழியாக நெடுக ஒன்று, காது மடலில் கிழிசல். சட்டை ஈரத்தில் உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் விரலை உயர்த்துவார் என்று தெரு காத்திருந்தது. உலகம்மாளும் அதற்குத்தான் காத்திருந்தாள். அவர் விரல் நிலைப்படியிலேயே இருந்தது. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பத்திரிகையைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி, எழுத்து எழுத்தாக வாசித்தார்:

"மணமக்களை வாள்த்தி அருளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

வாள்த்தி. ஊருணித் தெருவே கேட்டது. வாழ்நாளில் பேச்சில் ஒரு எழுத்து பிசகவிடாத மனிதர் சொன்னார், வாள்த்தி.

"தப்பாச் சொல்லுதிய" என்றாள் உலகம்மாள், திரும்பாமல்.

"நீ சொல்லுத மாதிரித்தான் சொல்லுதேன்" என்றார் அவர். "மிச்சத்தையும் வாசி. சேந்து வாசிப்போம்."

இரண்டு பேரும் சேர்ந்து கடைசி வரியை வாசித்தார்கள். "தங்கள் நல்வரவை நாறும்." யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகுமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தவர் கோமதிநாயகம்தான். கோடு போட்ட முகம் சுருங்கி விரிய, இருமல் மாதிரி ஒரு சிரிப்பு. அதன்பிறகுதான் தெருவுக்குத் தைரியம் வந்தது. உலகம்மாளின் இடுப்பு நிமிர்ந்தது, தோள் நிமிர்ந்தது, மணிக்கட்டும் நிமிர்ந்தது. சுண்டுவிரல் மட்டும் இன்றுவரை மடிந்தபடிதான் இருக்கிறது.

கோமதிநாயகம் அடுத்த வாரமே அச்சகத்துக்குப் போனார். கோடுகள் மறையவில்லை, வெயில் சாய்வாக விழும்போது முகத்தில் செதில் செதிலாகத் தெரியும். குழந்தைகள் அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்டால், குனிந்து காட்டுகிறார். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் ஒற்று விட்டுப்போயிருந்தால் இப்போதும் அவர் கால் அங்கே ஒரு நொடி தயங்கும். பிறகு உள்ளே போய்த் துக்கம் விசாரிப்பார்.

உலகம்மாள் மடித்த கோணல்மூக்கு மிருகம் டிவி மேல் இருக்கிறது. புதிதாக வீட்டுக்கு வருபவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். "அளுங்கு" என்பார் கோமதிநாயகம், அழுத்தம் திருத்தமாக. அவரைப் பார்த்துத் தெருவே அப்படிச் சொல்லப் பழகிவிட்டது. பிள்ளைகள் பரீட்சையிலும் அப்படியே எழுதி மார்க்கை விடுகிறார்கள், அப்பா அம்மாக்கள் தனியே கூப்பிட்டுக் காதோடு திட்டுகிறார்கள்.

ஒருநாள் பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, உலகம்மாள் அடுப்படியில் மாவைப் பிசைந்துகொண்டே, சும்மா, நாக்கை மேலே தூக்கி உள்ளே மடித்துப் பார்த்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது போல, அவசரமில்லாமல். அழுங்கு என்றாள். வந்துவிட்டது. இன்னொரு முறை சொன்னாள், அப்போதும் வந்தது. மழை, பழம், வாழை, குழல்வாய்மொழி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, மாவுக் கையோடு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் அவர் வந்து, "என்ன உலகு, மளை வருமா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

அவர் தனியாகிவிடக் கூடாதே என்று அவளுக்குத் தோன்றியது.

"மளை வரும்" என்றாள் உலகம்மாள்.